வெனிஸ்: குடும்பத்தோடு போனால் ஊருக்குள் தங்குவதா, மெஸ்த்ரேயிலா?

பூங்குழலி:
இத்தாலியில் கடல்நீருக்கு நடுவே தீவாக இருக்கும் வெனிஸுக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம், எதிர்க்கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில் ரூம் போட்டுவிட்டு, பகலில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக எழுதுகிறீர்கள். எனக்கு இது சரியாகவே படவில்லை. பதினொரு மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பினால் சான் மார்க்கோ சதுக்கத்துக் கூட்டத்தைத்தான் பார்க்க முடியும்.

ஊருக்குள் ஒரு ஃப்ளாட் எடுத்து இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் காய்கறி, தண்ணீர் பாட்டில், சிமென்ட் மூட்டை எல்லாம் படகில் வந்து இறங்கும். குப்பை எடுப்பவர் கைவண்டியோடு வாசலுக்கு வருவார். ரியால்டோ மீன் சந்தையில் ஊர்க்காரர்கள் மீனைப் பேரம் பேசி வாங்குவார்கள் (ஞாயிறும் திங்களும் மீன் கடை கிடையாது). மாலையில் சான் ஜாகோமோ சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், நம் பிள்ளையும் போய்ச் சேர்ந்துகொள்ளும். சதுக்கங்களின் நடுவே இருக்கும் கல் கிணறுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்க்கக் கிணறு மாதிரிதான் இருக்கும், ஆனால் ஊற்று கிடையாது. சதுக்கத்தில் விழும் மழைநீர் தரைக்குக் கீழே மணலில் வடிந்து நடுவில் சேரும். சுற்றிலும் உப்புநீர் இருக்க, பல நூறு ஆண்டுகள் அந்த ஊர் குடித்தது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான். 1884-ல்தான் கரையிலிருந்து குழாய் வந்தது. இதையெல்லாம் நின்று பார்க்கப் பகல் பயணத்தில் நேரம் ஏது?

சேலத்துக்காரன்:
அக்கா, நீங்கள் சொல்வது இளம் ஜோடிக்குச் சரி. என்னோடு வருவது எழுபது வயது அம்மாவும் ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தையும். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. பெட்டியைத் தூக்கு, ஸ்ட்ரோலரைத் தூக்கு, அப்புறம் அம்மாவுக்குக் கை கொடு. பழைய கட்டடம் என்றால் மூன்றாம் மாடிக்கும் லிஃப்ட் இருக்காது. ஊருக்குள் கார் கிடையாது, அது நல்லதுதான், ஆனால் பல கால்வாய்க் கரைகளில் கைப்பிடியே இல்லை. சின்னப் பிள்ளையை எப்படிக் கைவிட்டு நடக்க விடுவது?

ஊருக்குள் பஸ் மாதிரி ஓடும் பொதுப் படகுக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. ஆறு வயதுக்குக் கீழே இலவசம் என்பது ஒன்றுதான் ஆறுதல். மெஸ்த்ரேயிலிருந்து வெனிஸ் ஊருக்குள் இருக்கும் சாந்தா லூச்சியா நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம்தான். அறை வாடகையும் குறைவு.

நெய்தல்:
மெஸ்த்ரேயில் தங்கினால் ஊருக்குள் நுழைய 5 யூரோ கட்டணம் வருமே, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேலத்துக்காரன்:
வராது. 2024 ஏப்ரலில் தொடங்கிய அந்தக் கட்டணம், குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு. மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிதான். அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, இணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். 14 வயதுக்குக் கீழே யாருக்குமே கட்டணம் இல்லை.

பாதுவா வாசி:
அரை மணி ரயில் தூரத்தில் இருக்கிறேன், வேலைக்காக அடிக்கடி வெனிஸ் போகிறேன். இரண்டு பேருமே வசதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த ஃப்ளாட் யாருடைய வீடு என்று யாரும் கேட்கவில்லை.

1951-ல் தீவுக்குள் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-ல் 50,000-க்கும் கீழே. ரியால்டோ பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக் கண்ணாடியில் மீதமிருக்கும் மக்கள்தொகையை எண்பலகையில் காட்டுகிறார்கள். 2023-ல் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. பூங்குழலி, நீங்கள் பார்த்து ரசித்த அந்தப் பந்து விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அங்கே வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. பயணிக்கு விட்டால் ஒரு வாரத்தில் வரும் பணத்தை மாத வாடகைக்காரரிடம் எந்த வீட்டுக்காரர் எதிர்பார்ப்பார்?

பூங்குழலி:
எண்கள் சரி, காரணம் முழுசாக இல்லை. 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் தண்ணீர் 194 செ.மீ. ஏறியது. ஈரம் ஊறிய தரைத்தள வீடுகளை விட்டு மக்கள் கரைக்குப் போனார்கள். மெஸ்த்ரேயை ஒட்டிய மார்கேராவின் ஆலைகளும் புது அடுக்குமாடிகளும் அங்கேதான் இருந்தன. 1980-களின் தொடக்கத்திலேயே ஊர் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போது பயணிகளுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் எந்தச் செயலியும் இல்லை. அதோடு, இரவு தங்கும் குடும்பம் ரொட்டிக் கடையிலும் மளிகையிலும் வாங்கும். பகலில் வருகிறவர் கையில் சாண்ட்விச்சோடு வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டும் ஒரு காந்த பொம்மையோடு போய்விடுவார்.

பாதுவா வாசி:
அன்று போனவர்கள் நல்ல வீடு தேடிப் போனார்கள். இன்று இருக்க விரும்புகிறவர்களே வெளியே போகிறார்கள். அதுதான் வித்தியாசம். உங்கள் இரண்டு இரவு மளிகைச் செலவால் ஒரு ஆரம்பப் பள்ளி மூடாமல் இருக்காது. அதற்குப் பிள்ளைகளோடு குடியிருக்கும் குடும்பம் வேண்டும். ஊருக்குள் தங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஓட்டலில் தங்குங்கள் என்கிறேன். சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு இறங்கி இடதுபக்கம் லிஸ்தா தி ஸ்பான்யா தெருவுக்கு ஒரு பாலம்கூட ஏற வேண்டாம், அங்கே நிறைய ஓட்டல் உண்டு. சேலத்துக்காரரின் அம்மாவுக்கும் அது சரிப்படும்.

சேலத்துக்காரன்:
அந்த ஓட்டல்களின் மே மாத வாடகையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார். அப்புறம், மெஸ்த்ரேயை ஏதோ படுக்கும் இடம் மாதிரியே பேசுகிறீர்கள். மாநகராட்சி மக்களில் பெரும்பாலோர் கரையில்தான் இருக்கிறார்கள். தீவை விட்டுப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் மாலையில் மெஸ்த்ரேயின் பியாட்சா ஃபெரெட்டோ சதுக்கத்தில் சைக்கிள் விடுகிறார்கள். அன்றாட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அது எங்கே நடக்கிறதோ அந்த ஊரை ஒதுக்குவது நியாயமா?

பூங்குழலி:
நியாயமான கேள்விதான், ஆனால் அதைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை. பாதுவா வாசிக்கு ஒன்று: ஓட்டலில் அடுப்பு கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று வேளையும் பாஸ்தாவா கொடுப்பது? ஒரு பிடி ரசம் சாதம் வைக்க எனக்குச் சமையலறை வேண்டும்.

பாதுவா வாசி:
அப்படியானால் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஓரிரு அறையை மட்டும் விடும் இடமாகத் தேடுங்கள். அடுப்பைப் பயன்படுத்தலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2025-லிருந்து அது கட்டாயம். ஒரே ஆள் பத்து ஃப்ளாட் வைத்து, சாவியைப் பெட்டியில் தொங்கவிட்டு நடத்தும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.