ஸ்பானிய மொழியில் ஊரை விசாரிப்பதும் மரியாதையாக அழைப்பதும்

கேள்வி:
வணக்கம். பணி நிமித்தமாக கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா செல்லவிருக்கும் நான், மூத்த அதிகாரி ஒருவரிடம் அவருடைய சொந்த ஊரை எப்படி விசாரிப்பது என்று அறிய விரும்புகிறேன். ‘தே தோந்தே எரெஸ்’ என்று படித்திருக்கிறேன். அது ‘நீ எந்த ஊர்’ என்பது போலாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி 1:
உங்கள் தயக்கம் நியாயமானதே. ‘எரெஸ்’ என்பது ‘தூ’, அதாவது ‘நீ’ என்பதற்குரிய வினை. ‘தே தோந்தே எஸ் உஸ்தெத்’ என்று கேளுங்கள்; ‘உஸ்தெத்’ என்பது மரியாதையான ‘நீங்கள்’. ‘தங்கள் மேன்மை’ என்பது போன்ற ‘புவெஸ்த்ரா மெர்செத்’ என்ற பழைய மரியாதைத் தொடர் காலப்போக்கில் தேய்ந்து ‘உஸ்தெத்’ ஆனதால்தான், எதிரில் இருப்பவரிடமே பேசினாலும் வினைச்சொல் படர்க்கையில் வருகிறது. ‘நீங்கள் இருக்கிறீர்கள்’ என்று பழகிய நமக்கு இந்த இடத்தில்தான் நாக்கு தடுமாறும்.

மறுமொழி 2:
அவர் திருப்பிக் கேட்டால், ‘சோய் தே மதுரை’, அதாவது ‘என் ஊர் மதுரை’ என்று சொல்லுங்கள். ‘எஸ்தோய்’ என்று தொடங்கிவிடாதீர்கள். அது தற்போது இருக்கும் இடத்தைச் சொல்வதற்கானது, பிறந்த ஊருக்குப் பொருந்தாது.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பொகோட்டாவில் நண்பர்களும் குடும்பத்தாரும்கூடத் தங்களுக்குள் ‘உஸ்தெத்’ என்று பேசிக்கொள்வதுண்டு என்பதால், நெருங்கிப் பழகியவர் அப்படி அழைத்தால் விலக்கிவைக்கிறார் என்று எண்ண வேண்டாம். ஸ்பெயினிலோ அலுவலகங்களில் விரைவிலேயே ‘தூ’ வந்துவிடும். ஆண்களை மரியாதையாக அழைக்கும்போது, ‘திரு’ போன்ற ‘செஞோர்’ என்பதைக் குடும்பப் பெயருடனும், ‘தோன்’ என்ற மரியாதைச் சொல்லை இயற்பெயருடனும் சேர்த்துச் சொல்வதே வழக்கம்.