பாமாயில் பயோடீசல் மலைக்குச் சரிவருமா?

கோத்தகிரி தேயிலைக்காரன்:
எங்கள் இலை வண்டிக்கு டீசல் போட்டே கை ஓய்ந்துபோகிறது. சீசனில் ஊட்டி, குன்னூர் பஜ்ஜிக் கடை, சிப்ஸ் கடைகளில் மிஞ்சும் பாமாயில் கொஞ்சநஞ்சமா? காய்ச்சிக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காமல் பயோடீசலுக்குக் கொடுங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லிருந்தே சொல்கிறது. நாமே வாங்கிச் செய்தால் என்ன? 10 லிட்டர் எண்ணெய்க்கு 2 லிட்டர் மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா. சூடாக்கிக் கலக்கி ஓர் இரவு விட்டால் மேலே பயோடீசல், அடியில் கிளிசரின். நாலைந்து பேர் சேர்ந்தால் போதும்.

ஊட்டி மெக்கானிக்:
தம்பி, மார்கழியில் ரேஷன் பாமாயில் பாக்கெட்டைக் காலையில் எடுத்துப் பார்த்ததில்லையா? கட்டியாகிக் கிடக்கும், வெந்நீரில் போட்டால்தான் இளகும். அதே எண்ணெயில் செய்த டீசலுக்கும் அதே குணம்தான். கோவையிலிருந்து நண்பர் ஒரு பாட்டில் பாமாயில் பயோடீசல் கொண்டுவந்தார். ராத்திரி ஜன்னலோரம் வைத்தேன். விடிந்தபோது அடியில் நெய் உறைந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது. 15 டிகிரிக்குப் பக்கத்திலேயே கலங்க ஆரம்பித்துவிடும். உறைபனி விழும் ஊரில் டீசல் ஃபில்டர் என்ன ஆகும்?

கோத்தகிரி தேயிலைக்காரன்:
முழுசாக ஊற்றப் போவதில்லை அண்ணா. 100 லிட்டர் டீசலில் 10 லிட்டர்தான். இந்தோனேசியாவில் நூற்றுக்கு 40 கலக்கிறார்கள்.

ஊட்டி மெக்கானிக்:
இந்தோனேசியாவில் நம் ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தா குளிர் இல்லையே. பத்து கலந்தால் உறைவது குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயோடீசல் பழைய டேங்கில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பர் ஹோஸும் ஊறிப்போகும். நம் இலை வண்டிகளில் பாதி 20 வருஷத்து வண்டி. கொண்டை ஊசி வளைவில் லோடோடு நின்றால் பின்னால் வருகிறவன் கதி?

குன்னூர் வேதியியல் டீச்சர்:
குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குப் பயமே சூட்டைப் பற்றித்தான். புத்தகத்தில் 60 டிகிரியில் கலக்கச் சொல்லியிருக்கும். அது சமவெளிக் கணக்கு, அங்கே மெத்தனால் 65 டிகிரிக்குச் சற்றுக் குறைவில் கொதிக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர். காற்றழுத்தம் குறைவதால் அங்கே மெத்தனால் 58 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். புத்தகத்தை நம்பி 60க்கு ஏற்றினால் மூடிய கொட்டகை முழுக்க ஆவி. அடுப்பில் ஒரு பொறி போதும். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு, ஆனாலும் 50 டிகிரியைத் தாண்டாமல் நேரத்தைக் கூட்டுவதுதான் சரி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் செத்தது இதே மெத்தனால் கலந்த சாராயத்தால். வீட்டுப் பக்கம் கேனில் வைக்கிற பொருளா இது? அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

அப்புறம், பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். அளந்து பார்க்காமல் காஸ்டிக் சோடா போட்டால் டீசலுக்குப் பதில் சோப்புதான் கிடைக்கும்.

கொடைக்கானல்:
எங்கள் பக்கம் ஒருவர் எண்ணெய்ப் பனையே நடலாம் என்கிறார். அது வெயிலும் ஈரமும் வேண்டிய சமவெளி மரம், மலையில் வராது. அறுத்த குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கும் கொண்டுபோக வேண்டும். நாடே பாமாயிலை இறக்குமதி செய்து சமைக்கும்போது புது எண்ணெயை இன்ஜினில் ஊற்றுவது தப்பு. பொரித்து மிஞ்சியது என்றால் மட்டும் என் ஆதரவு.

மேட்டுப்பாளையம் லாரி:
எண்ணெயை மேலே சேர்த்துக் கீழே அனுப்புங்கள். முறையான ஆலையில் காய்ச்சட்டும், கீழே ஓடும் வண்டிகளுக்கு ஊற்றட்டும். இங்கே குளிரும் இல்லை, கொட்டகைத் தொல்லையும் இல்லை.

கோத்தகிரி தேயிலைக்காரன்:
டீச்சர் சொன்ன மெத்தனால் விஷயம் உறைக்கிறது. கொட்டகையில் காய்ச்சுகிற யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் எண்ணெயை மட்டும் கொடுத்துவிட்டு நாங்கள் வெறுங்கையோடு உட்கார முடியாது. ஆலையிலிருந்து எங்கள் பங்கு திரும்பி வர வேண்டும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையாவது எங்கள் வண்டியில் ஓட வேண்டும். குளிர் விஷயத்தில் மெக்கானிக் அண்ணா சொல்வதை இன்னும் ஏற்கவில்லை. டிசம்பரில் 10, 20, 100 சதம் என்று மூன்று பாட்டில் முற்றத்தில் வைத்துப் படம் போடுகிறேன்.

ஊட்டி மெக்கானிக்:
சிமெண்ட் முற்றத்தில் வேண்டாம் தம்பி. தகர டப்பாவில் ஊற்றிப் புல்மேல் வையுங்கள். பனி அங்கேதான் விழும். வண்டி டேங்கும் தகரம்தானே. காலை ஆறு மணிக்கு முன்னால் படம் எடுங்கள், வெயில் பட்டால் இளகிவிடும்.