அரசு மனநலப் பிரிவில் உங்கள் அனுபவம்: முதல் சீட்டுக்குப் பிறகு என்ன நடந்தது?

தம்பிக்கு அக்கா:

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். இல்லாத குரல்கள் காதில் கேட்கும். ஆரம்பத்திலிருந்தே அரசு மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். முதல் தடவை டாக்டரைப் பார்ப்பதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. கூட்டம் இருந்தது, காத்திருந்தோம், பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள். நாங்கள் தடுமாறியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போகும்போதெல்லாம் வேறு டாக்டர். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் எங்கே வைத்து? ஒரே மேசையில் இரண்டு டாக்டர்கள், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், முதுகுக்குப் பின்னால் வரிசை. "குரல் இன்னும் கேக்குதா?" என்று சத்தமாகக் கேட்டால் எவன் ஆமாம் என்பான்? "இல்ல சார், நல்லா இருக்கேன்" என்று தம்பி எழுந்துவிடுவான். சீட்டில் "அதே மருந்து தொடரவும்" என்று ஏறிவிடும்.

ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. வரிசையில் நிற்கும்போதே கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டிருப்பான். ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடை. நோய் முற்றுகிறது என்று டோஸைக் கூட்டினார்கள். நடை இன்னும் அதிகமானது. ஒருநாள் ஊசி போடும் அறையில் ஒரு சிஸ்டர் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ளுக்குள்ள யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்காப்பா?" என்று கேட்டார். அவன் நிமிர்ந்து பார்த்து "ஆமாக்கா, தாங்க முடியல" என்றான். அதற்கு அகதீசியா என்று பெயர். மருந்தின் பக்கவிளைவு. டோஸைக் கூட்டினால் கூடத்தான் செய்யும். சிஸ்டர் டாக்டரிடம் போய்ச் சொன்னார். டோஸைக் குறைத்து, கூடவே அந்தத் தவிப்பை அடக்க ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். அடங்கியது.

ஆனால் அதற்குள் தம்பிக்கு மாத்திரை என்றாலே பயம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் துப்ப ஆரம்பித்தான். பிறகு மருத்துவமனைக்கே வர மாட்டேன் என்றான். அந்த மாதங்களில் அங்கிருந்து ஒரு போன் வரவில்லை. மறுபடி நிலைமை மோசமாகி அட்மிட் செய்தபோதுதான் விசாரித்தேன். வந்தவர்களைத்தான் எண்ணி மேலதிகாரிகளுக்குக் கணக்கு அனுப்புகிறார்களாம். வராமல் போனவர்களுக்கென்று தனிப் பதிவேடே கிடையாது. பிரஷர் மாத்திரையை விட்டவருக்குக்கூட அது தேவை என்று தெரியும். மனநோயில் மருந்தை விட்டவருக்கு "எனக்கு ஒன்றுமில்லை" என்று தோன்றுவதே நோயின் பகுதியாக இருக்கலாம். வராதவரைத் தேடிப் போகாத சேவையை நான் எப்படி முழுச் சேவை என்று ஒத்துக்கொள்வது?

இப்போது நிலைமை தேவலை. அதே சிஸ்டர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். தேதி தாண்டினால் போன் செய்கிறார். "ஏன் வரல" என்று கேட்பதில்லை. "மாத்திரை தீர்ந்திருக்குமே, தம்பி தூங்குறானா?" என்பார். தம்பி என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, சிஸ்டர் தன்னிடமே பேசட்டும் என்கிறான்.

வார்டு சிஸ்டர்:

அக்கா, நான் வேறொரு அரசு மருத்துவமனையில் மனநல வார்டில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன மேசை எங்களிடமும் இருந்தது. நடுவில் ஒரு மரத் தடுப்பு கேட்டு வாங்கினோம். அதற்குப் பிறகு தற்கொலை எண்ணம் பற்றி நோயாளிகளே வாய் திறந்து சொல்வதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தடுப்பு செய்கிற வேலை சாதாரணமில்லை.

பணம் இல்லை, ஆள் இல்லை என்பது உண்மை. உலக நாடுகள் சுகாதாரத்துக்குச் செலவிடுவதில் மனநலத்துக்குப் போவது சுமார் 2 சதவீதம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருந்தாலும், இருக்கிற ஆட்களை வைத்துச் செய்யக்கூடியவையும் நடப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். டிஸ்சார்ஜ் ஆகி வீடு போன முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். இங்கிலாந்தில் 72 மணி நேரத்துக்குள் நோயாளியைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று அளவுகோலே வைத்திருக்கிறார்கள். நாங்கள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து "அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது மூன்றாம் நாள் ஒரு போன், அவ்வளவுதான். அதிலேயே பாதிப் பிரச்சினை பிடிபடுகிறது: மாத்திரையைத் தப்பாகப் போடுவது, மருந்து வெளியே கிடைக்காதது, வீட்டில் சண்டை.

இன்னொன்று எடை மெஷின். சிரிக்காதீர்கள். ஓலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளில் எடையும் சர்க்கரையும் ஏறும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தடுக்கக்கூடிய உடல்நோயால். மனநலப் பிரிவில் எடை, இடுப்பளவு, சர்க்கரை, பிரஷர் பார்ப்பதை யாரும் கூடுதல் வேலை என்று தள்ளக் கூடாது.

டாக்டர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், கிளினிக் வாசலில் பெஞ்ச் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்நாட்டுத் தலைநகர் ஹராரேயில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அக்காவின் தம்பிக்கு இது போதாது, அவருக்கு டாக்டரும் மருந்தும் வேண்டும். ஆனால் மனச்சோர்வு, பதற்றம் என்று வருகிற பெரும் கூட்டத்தை இப்படிப் பக்கத்திலேயே கவனித்தால், டாக்டருக்குத் தம்பியோடு பேச நேரம் கிடைக்கும்.

லித்தியம்காரன்:

எனக்கு இருமுனைக் கோளாறு. மனம் சில காலம் கட்டுக்கடங்காமல் ஏறும், சில காலம் சோர்ந்து இறங்கும். அக்கா குடும்பத்தின் பக்கம் சொன்னார். நான் உள்ளே படுத்திருந்தவன்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தத் தரும் லித்தியம் நல்ல மருந்து, எனக்கு உயிர் கொடுத்த மருந்து. ஆனால் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால்தான் ரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். நான் போன இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவேன், எடுப்பார்கள், அளவு கூட வரும், டோஸைக் குறைப்பார்கள், எனக்கு மனம் மறுபடி ஏற ஆரம்பிக்கும். பிறகு வந்த டாக்டர்தான் "காலையில் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். இன்று அந்தப் பிரிவில் லித்தியம் சீட்டில் சிவப்பு மையில் எழுதுகிறார்கள்: "ரத்தம் கொடுத்த பிறகு காலை மாத்திரை." தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையின் அடுத்த தேதியும் பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டாவது, என்னைக் கேட்டது. நான் தெளிவாக இருந்த நேரத்தில் அந்த டாக்டர் உட்கார்ந்து எழுதி வாங்கினார்: ஏறும்போது முதலில் என்ன தெரியும் (தூக்கம் குறையும், கடன் வாங்குவேன்), யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. கட்டிலில் கட்டாதீர்கள், அண்ணனைக் கூப்பிட்டால் நானே அடங்கிவிடுவேன் என்றும் எழுதச் சொன்னேன். அடுத்த தடவை அட்மிட் ஆனபோது அதைப் படித்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். யாரும் கட்டவில்லை.

அக்காவிடம் ஒரு கேள்வி. அந்த நோட்டு சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டால்?

தம்பிக்கு அக்கா:

அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. அவர் சொந்த போனில், சொந்தக் காசில் செய்கிறார். அவர் நல்ல மனசை நம்பி இத்தனை குடும்பங்கள் இருக்கக் கூடாது.

வார்டு சிஸ்டர்:

அக்கா, அதை எழுத்தில் கேளுங்கள். நாங்கள் உள்ளிருந்து கேட்டால் "ஆள் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். குடும்பங்கள் சேர்ந்து மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றை மட்டும் கேளுங்கள்: தேதி தாண்டியவர்கள் பட்டியல் வாராவாரம் எடுக்கப்பட வேண்டும், போன் செய்ய அலுவலக எண் வேண்டும், அந்த வேலை ஒருவருடைய பணிப் பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும். மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், நைட் டியூட்டி முடிந்ததும் எழுதித் தருகிறேன்.