6061 தகட்டை வைஸில் மடக்கலாமா? ஏடிவி ஹீல் கார்டு விவாதம்

பழையபட்டறை:
ஏடிவிக்கு (கரடுமுரடான பாதையில ஓட்டற திறந்த வண்டி) வீட்டிலேயே அலுமினிய ஹீல் கார்டு, அதாவது குதிகால் பின்சக்கரத்துல மாட்டாம தடுக்கற தகடு, செய்யறதைப் பத்தி நேத்து மண்பாதை எழுதினதைப் படிச்சதுலேருந்து மனசு ஆறலை. "6061-டி6 தகடு, 3 மி.மீ கனம். வைஸ்ல பிடிச்சு ரப்பர் சுத்தியலால தட்டினா மடங்கிடும். ஒரு மதிய வேலை." இதுதான் அவர் சொன்னது. (6061ங்கறது ஒரு அலுமினியக் கலவை, டி6ங்கறது சூடாக்கிக் கெட்டிப்படுத்தின நிலை. வைஸ்னா பொருளை இறுக்கிப் பிடிக்கற பட்டறைப் பிடிப்பான்.) இதை நம்பி எத்தனை பேர் தகடு வெட்ட உட்கார்ந்தாங்களோ!

6061-டி6ஐ வைஸ் தாடையோட கூர் விளிம்புல வச்சு மடக்கினா வெளிப்பக்கம் விரிசல் விடும். முதல்ல மயிரிழை மாதிரிதான் இருக்கும், பெயிண்ட் அடிச்சா அதுவும் மறைஞ்சு போகும். ஆனா வண்டி ஆட ஆட அது வளரும். ஒருநாள் குதிகால் சறுக்கி அதுமேல விழும்போது தகடு பெயர்ந்து வரும். பின்சக்கரம் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். அதுக்கு அப்புறம் காலுக்கு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மடக்கற வேலைக்கு 5052-எச்32ங்கற, சுலபமா வளையற இன்னொரு அலுமினியக் கலவைத் தகடுதான். 6061 கூடாது.

மண்பாதை:
அண்ணே, மூணு வருஷமா அதே கார்டுதான் என் வண்டியில இருக்கு. சேறு, கல்லு, குதிப்பு எல்லாம் பாத்தாச்சு. ஒரு விரிசல் கிடையாது. நேத்து ராத்திரி பெயிண்டைச் சுரண்டி, டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் இதை எழுதறேன். செஞ்சவன் நான், ஓட்டறவன் நான். பாக்காதவர் வந்து பெயர்ந்து வரும்னு சாபம் விடறார்.

பழையபட்டறை:
சாபம் இல்ல தம்பி, உலோகம். என் மேசையில 6061 துண்டு ஒண்ணு கிடக்கு. 90 டிகிரி வர்றதுக்கு முன்னாடியே டப்புனு ரெண்டா போச்சு. வைஸ்ல, ரப்பர் சுத்தியலால, நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்.

அளவுகோல்:
இருவரும் 'மடக்குவது' என்று சொல்கிறீர்கள், எந்த ஆரத்தில், அதாவது எவ்வளவு அகன்ற வளைவில், என்று யாருமே சொல்லவில்லை. கணக்கு எளிது. தகட்டின் கனத்தை, உள் ஆரத்தின் இரு மடங்கோடு கனத்தைக் கூட்டி வருவதால் வகுத்தால், வெளித்தோல் எவ்வளவு இழுபடும் என்று ஏறக்குறையத் தெரியும். 3 மி.மீ தகட்டை 1 மி.மீ ஆரமுள்ள விளிம்பில் மடக்கினால் 60 சதவீதம் இழுபடும். 12 மி.மீ ஆரத்தில் மடக்கினால் 11 சதவீதம்தான். 6061-டி6 அறுவதற்கு முன் சுமார் 12 சதவீதம்தான் நீளும். ஆகவே கூர் விளிம்பில் வெடிக்கும், பெரிய ஆரத்தில் மடங்கும்.

மண்பாதை:
நான் 25 மி.மீ குழாயை வச்சுத்தான் மடக்கினேன்! உள் ஆரம் பன்னிரண்டரை. குழாயை வைஸ்ல பிடிச்சு, தகட்டை அதுமேல போட்டு அமுக்கினேன். அதுவும் 40 டிகிரிதான், 90 இல்ல. இப்போ என்ன சொல்றீங்க பட்டறை அண்ணே?

பழையபட்டறை:
அப்போ நேத்து எழுதினதுல குழாய் எங்கே போச்சு? "வைஸ்ல பிடிச்சு ரப்பர் சுத்தியலால" அவ்வளவுதான் இருக்கு. குழாய்னு ஒரு எழுத்து இல்ல. நம்ம ஆளு கூர் விளிம்புலதான் மடக்குவான், வெடிக்கும். 6061ஐ வைஸ்ல மடக்காதீங்கன்னு நான் சொன்னது சொன்னதுதான்.

மண்பாதை:
குழாய் வைக்கணும்னு வேலை தெரிஞ்சவனுக்குத் தெரியும். உங்க பட்டறையில வைஸ் இருக்கா, இல்ல வாய் மட்டும்தானா?

பழையபட்டறை:
முப்பது வருஷமா இந்தக் கையில அரம் பிடிச்சிருக்கேன். மூணு சக்கர ஏடிவி காலத்துலேருந்து ஓட்டறேன். அந்த வண்டியில காலைத் தரையில ஊன்றினா பின்சக்கரம் மேலேயே ஏறும். அதனால கால் உடைஞ்சவங்களைப் பாத்தவன் நான். 1988ல அமெரிக்காவுல அதோட விற்பனையையே நிறுத்தினாங்க. ஹீல் கார்டை நான் அலங்காரமா நினைக்கறதில்ல. அதுக்காகத்தான் கத்தறேன். கூர் விளிம்பு, 6061, வெடிப்பு. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன்.

அளவுகோல்:
இன்னொன்று. தகடு உருட்டப்பட்ட திசை என்று ஒன்று உண்டு. மடிப்புக் கோடு அந்தத் திசைக்குக் குறுக்காக இருந்தால் தாங்கும், அதே திசையில் ஓடினால் சீக்கிரம் வெடிக்கும். மேற்பரப்பில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரியும், அதுதான் அடையாளம். பழையபட்டறை ஐயா வைத்திருக்கும் துண்டு எந்தத் திசையில் மடக்கப்பட்டது?

பழையபட்டறை:
திசை எதுவா இருந்தாலும் 6061 கூர் விளிம்புல வெடிக்கும்.

மண்பாதை:
கேட்ட கேள்விக்குப் பதில் வரலை. எல்லாரும் பாத்துக்கோங்க.

சோப்புக்கட்டி:
எதுக்கு இவ்வளவு தகராறு? மடிப்பு வர்ற இடத்துல சோப்பைத் தேய்ச்சு, அடியிலேருந்து கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுங்க. சோப்பு கறுத்ததும் நிறுத்துங்க. தகடு வெண்ணெய் மாதிரி மடங்கும். 6061ஐ இப்படித்தான் மடக்கணும்.

அளவுகோல்:
மடங்கும், ஆனால் அதோடு பலமும் போய்விடும். டி6 நிலையில் 6061 நிரந்தரமாக வளையத் தொடங்குவது 276 மெகாபாஸ்கலில். முழுதாக இளக்கிவிட்டால், அதாவது சூட்டால் மென்மையாக்கிவிட்டால், அது 55 சொச்சம். பழைய நிலைக்குக் கொண்டுவர 530 டிகிரிக்குச் சூடாக்கி, உடனே தண்ணீரில் குளிர்வித்து, பிறகு 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டு அடுப்பில் அது நடக்காது. 5052-எச்32க்கோ இளக்காமலே 193 இருக்கிறது.

பழையபட்டறை:
பாத்தீங்களா! 5052னு அவரே சொல்லிட்டார். சோப்பு போட்டு இளக்கின 6061ஐ மாட்டறதும், டின் டப்பாவை வெட்டி மாட்டறதும் ஒண்ணுதான்.

சோப்புக்கட்டி:
டின் டப்பாவா? போன மாசம் செயின் லிங்க் விஷயத்துலயும் இதே மாதிரிதான் என்னைப் பேசினீங்க. கடைசியில நான் சொன்னதுதான் சரியா இருந்துச்சு. அதை இதுவரைக்கும் ஒத்துக்கிட்டீங்களா?

பழையபட்டறை:
செயினை இங்கே இழுக்காதீங்க. செயினோட ரெண்டு முனையையும் இணைக்கற அந்த கிளிப் லிங்கை நீங்க திருப்பித்தான் மாட்டியிருந்தீங்க. மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பாத்து இருக்கணும். நான் அப்பவும் அதைத்தான் சொன்னேன்.

சோப்புக்கட்டி:
படத்துல சரியாத்தான் இருந்துச்சு!

வலைக்காரன்:
எனக்கு இந்தத் தகடே புரியலை. வண்டியோட பக்கவாட்டுல வர்ற நெர்ஃப் பார் குழாயை மாட்டி, ஃபுட்பெக்குக்கு (கால் வைக்கற கட்டை) பின்னாடி நைலான் பட்டை வலை கட்டினா கால் சக்கரத்துக்குப் போகாது. சேறு தேங்காது, வெடிக்காது. கிழிஞ்சா பட்டையை மாத்தினா போதும்.

மண்பாதை:
வலையில பூட்ஸ் மாட்டிக்கும். வண்டி கவிழும்போது கால் வெளியே வரணும்.

வலைக்காரன்:
தளர்வா கட்டினா மாட்டும். இறுக்கிக் கட்டினா மாட்டாது. தகட்டுல கூட பின்விளிம்பை உள்பக்கமா மடிச்சு, அரம் போட்டு மழுங்கடிக்காம விட்டா அது கத்திதான். அதைப் பத்தி இங்கே ஒருத்தரும் எழுதலை.

பழையபட்டறை:
எழுதலைன்னு சொல்லாதீங்க, இதோ எழுதறேன். முதல்ல அட்டையில வார்ப்பு வெட்டுங்க. ஃபுட்பெக் மேல பூட்ஸோட நின்னு, காலை நல்லா பின்னாடி சறுக்கவிட்டு, குதிகால் எங்கே போகுதுன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டாவது, ஷாக்கை (அதிர்வு தாங்கி) கழட்டி, பின்சக்கரத்தைத் தாங்கற ஸ்விங் ஆர்மை முட்டுமட்டும் மேலே தூக்கி, டயர் எங்கே வருதுன்னு பாருங்க. நிக்கற வண்டியில இருக்கற இடைவெளியை நம்பாதீங்க. வலப்பக்கம் பின் பிரேக் பெடல், இடப்பக்கம் கியர் லீவர், ரெண்டும் முழுசா அசையணும். சைலன்சர் பக்கத்துல வந்தா சூடு. சேறு வெளியேற ஓட்டை போடுங்க, ஆனா மடிப்புக் கோட்டு மேலேயோ விளிம்போரமாவோ போடாதீங்க. ஓட்டை மையத்துலேருந்து விளிம்புக்குக் குறைஞ்சது ஓட்டை விட்டத்துல ரெண்டு மடங்கு இருக்கட்டும். வெட்டின விளிம்பு, ஓட்டை வாய் எல்லாத்துலயும் பிசிறை அரத்தால எடுங்க. விரிசல் அங்கேருந்துதான் கிளம்பும். சேஸிஸ் குழாயை ட்ரில் பண்ணாதீங்க, ரப்பர் வச்ச கிளாம்ப் போட்டு தானா கழலாத நைலாக் நட்டால இறுக்குங்க. இத்தனையும் 5052லதான். 6061ல செஞ்சா அத்தனை உழைப்பும் வீண்.

மண்பாதை:
இந்த ஷாக் கழட்டற விஷயத்தை நான் நேத்தே எழுதியிருந்தேன். அதை மட்டும் விட்டுட்டு வைஸ் வரியை வெட்டி ஒட்டினார். இப்போ தன் பேர்ல அதையே எழுதறார்.

பழையபட்டறை:
ஷாக் கழட்டறது உங்க கண்டுபிடிப்பா? அது ஊர் அறிஞ்சது.

மண்பாதை:
ஊர் அறிஞ்சதுன்னா குழாய் வச்சு மடக்கறதும் ஊர் அறிஞ்சதுதானே? அதுக்கு மட்டும் ஏன் என் எழுத்துல ஒவ்வொரு சொல்லும் இருக்கணும்?

கிண்ணத்தட்டு:
5052 இளசு, ஓரம் தளதளன்னு ஆடும். 6061தான் விறைப்பா நிக்கும். அதனாலதான் நான் 6061 பக்கம்.

அளவுகோல்:
இல்லை. விறைப்பு வேறு, பலம் வேறு. இரண்டுக்கும் விறைப்பைக் காட்டும் மீள்தன்மை எண் ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல். ஒரே கனத்தில் ஒரே அளவுதான் ஆடும். அடி பட்டால் 5052 முன்னதாகக் குழியும், அவ்வளவுதான். ஆட்டம் குறைய வேண்டுமா, கனத்தைக் கூட்டுங்கள். விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 2 மி.மீயிலிருந்து 3 மி.மீக்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல். அல்லது ஓரத்தை மடித்து ஒரு பட்டி கொடுங்கள். 300க்கு 200 மி.மீ அளவில் 3 மி.மீ அலுமினியத் தகடு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எடை ஒரு பிரச்சினையே இல்லை.

கிண்ணத்தட்டு:
புத்தகத்துல படிச்சதை எழுதறீங்க. கையில பிடிச்சுப் பாருங்க, 5052 ஆடும்.

அளவுகோல்:
பிடித்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பிடித்த இரண்டும் ஒரே கனம்தானா என்று அளந்தீர்களா?

கிண்ணத்தட்டு:
அளவு பேசறவங்க அளந்துக்கிட்டே இருங்க. நாங்க ஓட்டறோம்.

புதுவண்டி:
வணக்கம். நேத்துதான் சேர்ந்தேன். அலுமினியத் தகட்டுல ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா போல்ட்டைச் சுத்தி வெள்ளையா பொடி கட்டுது. என்ன செய்யலாம், சொல்லுங்க அண்ணன்களே.

பழையபட்டறை:
தம்பி, முதல்ல உங்க தகடு 5052தானான்னு கேட்டுக்கோங்க. 6061ன்னா மடிப்பைப் பாருங்க, வெடிச்சிருக்கும்.

புதுவண்டி:
தகடு மடிக்கவே இல்ல அண்ணா, தட்டையாத்தான் மாட்டியிருக்கேன். போல்ட் பத்திக் கேட்டேன்.

வலைக்காரன்:
ரெண்டு உலோகமும் ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா அலுமினியம்தான் அரிக்கும் தம்பி. நடுவுல நைலான் வாஷர் போடுங்க, போல்ட் தண்டுல கிரீஸ் தடவுங்க, சேத்துல ஓட்டிட்டு வந்தா கழுவிடுங்க. வலை கட்டியிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது.

மண்பாதை:
மறுபடியும் வலை.

வலைக்காரன்:
பதில் சொன்னது நான் ஒருத்தன்தான். நீங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து ஒரு மடிப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க.

பழையபட்டறை:
அந்த மடிப்புலதான் ஒரு ஆளோட கால் இருக்கு. நிப்பேன். மண்பாதை தம்பி, உங்க கார்டு மூணு வருஷம் நின்னுது, சந்தோஷம். நேத்து எழுதினதைத் திருத்தி, "குழாய் வச்சு மடக்கணும்"னு ஒரு வரி சேருங்க. இல்லேன்னா 6061ங்கற எண்ணை எடுங்க.

மண்பாதை:
திருத்த மாட்டேன். என் கார்டுல விரிசல் இல்லை. உங்க துண்டு எந்தத் திசையில மடக்கினதுன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

பழையபட்டறை:
6061 கூர் விளிம்புல வெடிக்கும். நாளைக்கு இன்னொரு துண்டை வைஸ்ல பிடிச்சு, மடக்கறதை முழுசா படம் எடுத்துப் போடறேன்.

மண்பாதை:
போடுங்க. தகட்டுல கோடு ஓடற திசையும், பக்கத்துல ஸ்கேலும் படத்துல தெரியணும்.

சோப்புக்கட்டி:
அப்படியே அந்தச் செயின் படத்தையும் போடுங்க.