இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன்: நடுவில் அல்ட்ராசவுண்ட் வைத்து எல்லை பார்ப்பது பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், கீமோ முடிந்துவிட்டது, அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்து) ஆபரேஷன். பயாப்ஸி ரிப்போர்ட்டில் சிக்னெட் ரிங் செல் என்று போட்டிருக்கிறது. இந்த வகை கட்டியாகத் திரண்டு நிற்காமல், உள்பக்கம் பார்க்க நன்றாக இருக்கும்போதே சுவருக்கு அடியில் பரவிக்கொண்டே போகுமாம், அதனால் எண்டோஸ்கோப்பியில் தெரியும் எல்லையை மட்டும் நம்பி வெட்ட முடியாது. பரவும் வகைக்கு மேல்பக்கம் 5 செ.மீ. தள்ளி வெட்டச் சொல்கிறது ஜப்பானிய வழிகாட்டுதல். அந்த இடைவெளி கிடைத்தால் இரைப்பையின் மேல்பகுதி மிஞ்சும், இல்லையென்றால் முழுசாக எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்க்க வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் பி12 ஊசி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாடு.

ஆபரேஷன் நடக்கும்போதே சின்ன அல்ட்ராசவுண்ட் புரோபை இரைப்பை மேல் வைத்தால் சுவர் ஐந்து அடுக்காகத் தெரியுமாம். அடுக்கு குலைந்து தடித்திருக்கும் இடம்தான் சந்தேகத்துக்குரியது. லேப்ராஸ்கோப்பியில் கையால் தடவிப் பார்க்க வழியில்லை, அதனால் இது அவசியம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் கீமோவுக்குப் பிறகு வரும் தழும்பும் வீக்கமும் அதே மாதிரி தடிப்பாகத் தெரியாதா?

எங்கள் ஆஸ்பத்திரியில் ஃப்ரோசன் செக்‌ஷன் மட்டும்தான், அதாவது வெட்டிய ஓரத்தை அப்போதே உறையவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. அது போதுமா? இல்லை, முந்தைய நாளே எண்டோஸ்கோப்பியில் எல்லையில் அடையாளத்துக்குச் சின்ன உலோகக் கிளிப் போட்டு, அதை அல்ட்ராசவுண்டில் தேடச் சொல்லிக் கேட்கலாமா? சர்ஜன்கள், ரேடியாலஜிஸ்ட்கள், இதே ஆபரேஷனைப் பார்த்த குடும்பங்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் பெரிய உதவி.