நாக் குழு வந்துபோன பிறகு உங்கள் வளாகத்தில் என்ன மாறியது? – அனுபவப் பகிர்வு

அல்சூர், அலுவலக ஊழியர்:

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் அகத் தர உறுதி மையத்தில், அதாவது தரச் சான்றுக்கான தரவுகளைத் திரட்டும் பிரிவில், ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தர 1994-இல் தொடங்கிய நாக் (NAAC) அமைப்பின் தலைமையகம் இதே ஊரில், நாகர்பாவியில்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் சுற்றில் எங்களுக்குக் கிடைத்தது 'பி' தரம் மட்டும்தான்.

வேலை நடக்காமல் இல்லை. ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களுக்கு எங்கள் மாணவர்கள் வாரந்தோறும் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் தரவுச் சரிபார்ப்பில் சான்று கேட்டார்கள். நாளும் இடமும் பதியாத புகைப்படங்கள் செல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

எங்கள் சான்றின் ஆயுள் ஐந்தாண்டு. அடுத்த சுற்றுக்கு மறுநாளே வேலையைத் தொடங்கினோம். நாக் பார்க்கும் ஏழு அளவுகோல்களில் மாணவர் முன்னேற்றமும் ஒன்று: படித்து முடித்தவர்கள் வேலைக்குப் போனார்களா, மேலே படிக்கிறார்களா என்று காட்ட வேண்டும். பழைய பதிவேடுகளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். மாரிக்குப்பம் ரயிலில் விடியற்காலை கிளம்பி வந்து படித்த கோலார் தங்கவயல் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். 2001-இல் அங்குள்ள தங்கச் சுரங்கம் மூடியபோது வேலை இழந்த ஒரு தகப்பனார் தொலைபேசியை எடுத்தார். தமிழில் பேசியதும் குரல் மாறியது. “என் மகள் படிப்பை முடித்து மூன்று வருடம் ஆகிறதம்மா. எப்படி இருக்கிறாள் என்று பள்ளிக்கூடமோ காலேஜோ இதுவரை கேட்டதில்லை” என்றார். அந்தப் பெண் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுவிட இருந்ததும், ஒரு பேராசிரியர் தம் பணத்தைக் கட்டியதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன்பிறகே கட்டண உதவி நிதி என்று ஒன்றை முறையாக ஏற்படுத்தினோம்.

இரண்டாம் சுற்றில் ஏ பிளஸ் வந்தது, நாலுக்கு 3.30. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 3.26 அல்லது அதற்கு மேல் இருந்தால் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்தத் தகுதி உண்டு. 2018 விதிகளின்படி பல்கலைக்கழகங்களுக்கான தன்னாட்சியில் (சில முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமை) இரண்டாம் நிலையும் கிடைக்கும். எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தத் தகப்பனாரின் குரல்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஜீவன்பீமா நகர், முன்னாள் மாணவி:

அக்கா, நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். நான் படித்த கல்லூரியில் குழு வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் நூலக வாசலில் சாய்தளம் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகளாக என்னைத் தோழிகள் தூக்கிக்கொண்டு போன வாசல் அது. கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதைவிடக் கொடுமை, சாய்தளம் செங்குத்தாக இருந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இவர்கள் ஐந்தடியில் முடித்துவிட்டார்கள்.

குழுவில் வந்திருந்த ஒரு மூத்த பேராசிரியை அதில் ஏறிப் பார்த்தார். “இதைப் பயன்படுத்த வேண்டியவரிடம் கேட்டுக் கட்டினீர்களா?” என்றார். முதல்வர் பேசவில்லை. அம்மையார் என்னை அழைத்துவரச் சொன்னார். கால்மணி நேரம் பேசினோம். கழிப்பறைக் கதவின் அகலம், லிஃப்ட் பொத்தானின் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மதிப்பெண் வருவதற்கு முன்பே அந்தச் சாய்தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். இம்முறை மேஸ்திரி என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். போன மாதம் போனேன். முதலாண்டுப் பையன் ஒருவன் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நூலகத்துக்குள் போனான். வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

சிவாஜி நகர், ஒரு மாணவியின் தந்தை:

பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆங்கிலம் வராது, கன்னடம் கொஞ்சம் வரும். குழுவினர் வெளிமாநிலத்தவர்கள், ஒருவர் தமிழர். என்ன குறை என்று தமிழிலேயே கேட்டார். ஆறு மணிக்கு நூலகத்தை மூடுகிறார்கள், அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கு பஸ்ஸும் இல்லை என்றேன். இப்போது எட்டு மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்புகிறது.

ஸ்ரீராமபுரம், கௌரவ விரிவுரையாளர்:

நல்லவை நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கல்லூரியில் நாக் குழுவுக்கான கோப்புகளை இரவு பத்து மணி வரை இருந்து தயாரித்தவர்கள் தற்காலிக ஆசிரியர்களான நாங்கள். சான்றிதழ் வந்த மாதத்தில் எங்களில் மூவருக்கு வேலை நீட்டிப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மாணவர் கட்டணமும் உயர்ந்தது. நாக் தரத்தைப் போட்டு வாசலில் தொங்கும் பலகையைப் பார்க்கும்போது அந்த மூவரின் முகங்கள்தான் எனக்குத் தெரிகின்றன.

அல்சூர், அலுவலக ஊழியர்:

ஐயா, நீங்கள் சொல்வது மிகவும் சரி. எங்கள் இடத்திலும் தற்காலிக ஆசிரியர்கள் இல்லாவிட்டால் அறிக்கையே இல்லை. வரும் ஆண்டறிக்கைக் கூட்டத்தில் இதை எழுத்திலேயே வைக்கிறேன். பேசிவிட்டு வந்தால் அது பதிவாகாது.

ஓர் உதவி வேண்டும். 2019-இல் முடித்தவர்களில் நாற்பத்திரண்டு பேரின் இப்போதைய எண் என்னிடம் இல்லை. பெரும்பாலும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகள். தங்கவயலில் உறவினர் இருப்பவர்கள் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.