புது டிவியில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள்: பாக்ஸில் மாற்றுவதா, டிவியில் மாற்றுவதா?

நாகலூர்_காப்பி:

வணக்கம். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குக் கேபிள் கிடையாது, டிஷ்தான். தீபாவளிக்குப் பழைய டியூப் டிவியைக் கழித்துவிட்டு 32 இன்ச் எல்இடி வாங்கினோம். பாக்ஸ் எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டியிருக்கிறது. படம் பளிச்சென்று இருக்கிறது. வடிவம்தான் கோணல்.

மாமியார் பார்க்கிற பழைய பாட்டுச் சேனலில் எல்லாருக்கும் கன்னம் உப்பியிருக்கிறது. "இவளுக்கு எப்போ இப்படி ஒடம்பு போட்டுச்சு?" என்று நடிகையைப் பார்த்து என்னிடம் கேட்கிறார். ராத்திரி சீரியல் இன்னும் மோசம். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, நடுவில் ஆட்கள் அமுங்கிப்போய் நிற்கிறார்கள். வீட்டுக்காரர் எச்டியில் கிரிக்கெட் போட்டால் முகமெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கீழே ஸ்கோர் ஓடும் பட்டியில் பாதி எழுத்து திரைக்கு வெளியே போய்விடுகிறது.

டிஷ் மாட்டியவரைக் கேட்டால், "மலையில பனி ஜாஸ்தி, டிஷ் அசைஞ்சிருக்கும், சர்வீஸ் சார்ஜ் கட்டினா வந்து திருப்பி வைக்கிறேன்" என்கிறார். கட்டலாமா? இல்லை, நாங்களே ஏதாவது பண்ண முடியுமா?

குகைவாசி:

டிவி ரிமோட்டில் ஜூம் அல்லது பிக்சர் சைஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். தட்டிக்கொண்டே இருங்கள், ஏதோ ஒன்றில் சரியாகிவிடும். நான் அப்படித்தான்.

அம்மாபேட்டை_மெக்கானிக்:

முதலில், காசு கட்டாதீர்கள். டிஷ் அசைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், கடைசியில் சிக்னல் இல்லை என்று எழுத்து வரும். ஆள் குண்டாக மாட்டார். டிஜிட்டலில் படம் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் வராது. அப்புறம், பனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடைமழையில் சிக்னல் விழும், அது வேறு கதை.

குகைவாசி சொன்ன மாதிரி தட்டிக்கொண்டே போனால் ஒரு சேனல் சரியாகும், அடுத்தது கெடும். படத்தை இழுப்பதற்கு மூன்று பேர் இருக்கிறார்கள்: சேனல்காரர், பாக்ஸ், டிவி. யார் இழுத்தார் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

பழைய டிவி 4:3. அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று. புது டிவி 16:9. எச்டி இல்லாத சாதாரண சேனல் எதுவானாலும் பொதுவாக 720-க்கு 576 புள்ளிதான். அதே புள்ளிகளைக் குறுகலாகவும் விரிக்கலாம், அகலமாகவும் விரிக்கலாம். எப்படி விரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு மட்டும் சிக்னலோடு சேர்ந்து வரும். பாக்ஸோ டிவியோ அந்தக் குறிப்பை மதிக்காமல் முழுத் திரைக்கும் இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். பாட்டுச் சேனல் மூலையில் வட்டமான லோகோ இருந்தால், தையல் டேப்பை வைத்து அகலமும் உயரமும் அளந்து சொல்லுங்கள். டிவியில் பிக்சர் சைஸ் என்னவாக இருக்கிறது, பாக்ஸ் மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது படத்தின் அகல உயர விகிதம், பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதும் வேண்டும்.

நாகலூர்_காப்பி:

நன்றிங்கண்ணா. அளந்தேன். லோகோ அகலம் 4 செமீ, உயரம் 3 செமீ. டிவி 16:9-இல் இருக்கிறது. பாக்ஸில் இரண்டு வரி இருக்கிறது. டிவி டைப் என்பதில் 16:9. அதற்குக் கீழே டிஸ்ப்ளே ஃபார்மட் என்பதில் ஃபுல் ஸ்கிரீன். அதை அமுக்கினால் லெட்டர் பாக்ஸ், பில்லர் பாக்ஸ், பேன் ஸ்கேன் என்று வருகிறது. எதையும் மாற்றவில்லை, பயமாக இருக்கிறது.

அம்மாபேட்டை_மெக்கானிக்:

நாலுக்கு மூன்று! இதைவிடச் சுத்தமான கணக்கு வேண்டாம். உங்கள் பாக்ஸ்தான் இழுக்கிறது. டிவி பாவம், வந்ததை அப்படியே காட்டுகிறது.

டிவி டைப் 16:9 என்பதைத் தொடாதீர்கள், அது சரிதான். ஃபுல் ஸ்கிரீனை மட்டும் பில்லர் பாக்ஸ் ஆக்குங்கள். சில பாக்ஸில் இதற்கே ஒரிஜினல் என்றோ நார்மல் என்றோ பெயர் இருக்கும். இனி பாட்டுச் சேனலில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை வரும். 32 இன்ச் திரை கிட்டத்தட்ட 71 செமீ அகலம், 40 செமீ உயரம். அதில் 4:3 படம் 53 செமீதான் பிடிக்கும், பக்கத்துக்கு 9 செமீ காலியாகக் கிடக்கும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் டிவி கெட்டுப்போச்சு என்பார்.

பேன் ஸ்கேன் வேண்டாம். அது அகலப் படத்தின் ஓரங்களை வெட்டி டியூப் டிவிக்குள் நிரப்ப வந்த ஏற்பாடு, உங்கள் திரைக்குத் தேவையில்லை.

கிரிக்கெட் விஷயம் தனி. அது ஓவர்ஸ்கேன். டியூப் டிவி காலத்தில் படத்தின் ஓரம் நேராக நிற்காது என்பதால், கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். எல்இடியில் அந்த அவசியம் இல்லை, பழக்கம் மட்டும் தொடர்கிறது. டிவி மெனுவில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன், ஃபுல் பிக்சல் இப்படிக் கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். சிலதில் ஓவர்ஸ்கேன் என்றே இருக்கும், அதை ஆஃப் செய்ய வேண்டும். கிரிக்கெட் ஓடும்போதே மாற்றிப் பாருங்கள், ஸ்கோர் பட்டி உள்ளே வரும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:

காசு கொடுத்துப் பெரிய டிவி வாங்கிவிட்டு இரண்டு பக்கமும் கறுப்பாக விடச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் எப்போதும் ஃபுல்தான். இரண்டு நாளில் கண் பழகிவிடும். மேலும் அந்தக் கறுப்பு அப்படியே திரையில் தழும்பாகிவிடும் என்று கேள்வி.

அம்மாபேட்டை_மெக்கானிக்:

தழும்பு பிளாஸ்மா டிவியில் உண்டு, ஓஎல்இடியில் நீண்ட நாள் ஒரே படம் நின்றாலும் வரலாம். சாதாரண எல்இடி டிவி என்பது எல்சிடி, அதில் அந்தப் பயம் வேண்டாம். கண் பழகும் என்பது உண்மைதான், அதற்கு நான் என்ன சொல்ல. உங்கள் டிவி, உங்கள் கண்.

ஆனால் பழைய படம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. சேலத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காதவர் கிடையாது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த ஸ்டுடியோ. அந்தக் காலத்து ஃபிலிம் சட்டமே 1.37-க்கு 1, அதாவது கிட்டத்தட்ட 4:3. ஆளை நிறுத்தியது, செட் போட்டது எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அளந்துதான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல்தான் வந்தது, 'ராஜராஜ சோழன்'. ஸ்கோப் படங்கள் 2.35-க்கு 1 வரை அகலம் போகும். அதனால் அவற்றுக்கு 16:9 டிவியிலும் மேலே கீழே கறுப்பு வந்தே தீரும். அது கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள்.

நாகலூர்_காப்பி:

அண்ணா, பில்லர் பாக்ஸ் போட்டேன். லோகோ இப்போது 3-க்கு 3, வட்டமாகிவிட்டது! நடிகையும் இளைத்துவிட்டார், மாமியாருக்குத் திருப்தி. கிரிக்கெட்டும் சரி, எங்கள் டிவியில் ஸ்கிரீன் ஃபிட் என்று இருந்தது.

ஆனால் சீரியல் முன்பைவிடக் கேவலமாகிவிட்டது. நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன ஜன்னலில் படம். இன்னொன்று, மதியம் பழைய படம் போடுகிற வேறொரு சேனலில் பட்டையே வரவில்லை, ஆட்கள் மட்டும் இன்னும் குண்டாகவே இருக்கிறார்கள். அங்கே லோகோ வட்டமாகத்தான் இருக்கிறது. குழம்பிவிட்டேன்.

அம்மாபேட்டை_மெக்கானிக்:

குழம்ப வேண்டாம். விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சீரியல் சேனல்: சீரியலை எடுப்பது 16:9-இல். அந்தச் சேனல் ஒளிபரப்புவது 4:3 சட்டத்தில். அதனால் அவர்களே மேலே கீழே கறுப்பு அடித்து உள்ளே உட்காரவைத்து அனுப்புகிறார்கள். அதற்குப் பக்கவாட்டுக் கறுப்பை உங்கள் பாக்ஸ் சேர்க்கிறது. 53 செமீ அகலம், 30 செமீ உயரம், திரையில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான் மிஞ்சும். முன்பு அமுங்கித் தெரிந்ததற்கும் இதுதான் காரணம், பாக்ஸ் பக்கவாட்டில் மட்டும் இழுத்தது. இதற்கு மருந்து ஜூம். டிவியின் பிக்சர் சைஸில் ஜூம் போட்டால் நாலு பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாகி 16:9 முழுசாக நிரம்பும், முகம் கெடாது. கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஏனென்றால் 576 கோட்டில் 432 கோடுதான் படம், மீதி கறுப்புக்குப் போய்விட்டது. அதே சேனலுக்கு எச்டி இருந்து, உங்கள் பேக்கில் சேர்க்க முடிந்தால், ஜூமே தேவைப்படாது.

மதியப் படச் சேனல்: லோகோ வட்டம், முகம் குண்டு. அப்படியென்றால் பாக்ஸும் டிவியும் இழுக்கவில்லை, இழுத்திருந்தால் லோகோவும் முட்டையாகியிருக்கும். சேனல்காரரே 4:3 படத்தை அகலத்துக்கு இழுத்து, அதன் மேல் லோகோவை ஒட்டி அனுப்புகிறார். கறுப்புப் பட்டை இருந்தால் ஆட்கள் போன் செய்து திட்டுவார்கள் என்று பயமோ என்னவோ. நம் பக்கம் செய்யக்கூடியது, அந்தச் சேனலுக்கு மட்டும் டிவியில் 4:3 போடுவது. மொத்தப் படமும் உள்ளே நெருங்கும், ஆட்கள் சரியாவார்கள், லோகோ ஒல்லியாகும். 4:3 என்ற வரி மங்கலாக இருந்து தேர்வு செய்ய விடாவிட்டால், பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட்டை 1080-இலிருந்து 576-க்கு இறக்கிப் பாருங்கள். சில டிவிகள் எச்டி சிக்னல் வந்தால் அந்த வரியைப் பூட்டிவிடும். பார்த்து முடித்ததும் திரும்ப 1080, மறக்க வேண்டாம்.

அயோத்தியாப்பட்டணம்_டிஷ்:

அண்ணே, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்களிடம் டிடி ஃப்ரீ டிஷ், சின்ன பாக்ஸ், சிவப்பு வெள்ளை மஞ்சள் ஒயர். டிடி தமிழ் வைத்தாலும் சரி, எது வைத்தாலும் சரி, படம் இழுத்த மாதிரியே நிற்கிறது. இதே வழிதானா?

அம்மாபேட்டை_மெக்கானிக்:

வழி அதேதான் தம்பி, ஆனால் அந்த மஞ்சள் ஒயரில் எச்டிஎம்ஐ மாதிரி வடிவத் தகவல் ஒழுங்காகப் போகும் என்று நம்ப முடியாது. டிவி ஊகித்துத்தான் காட்டும். பாக்ஸில் டிவி டைப் 4:3 என்று இருந்தால் 16:9 ஆக்கி, பில்லர் பாக்ஸ் கொடு. டிவியில் ஆட்டோவை விட்டு 16:9 என்று கட்டிப்போடு. பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்றும் பார். இருந்தால் ஒயர் வாங்கி அதிலேயே மாட்டிவிடு. படமும் தெளியும்.

நாகலூர்_காப்பி:

ஜூம் போட்டேன், சீரியல் முழுசாக நிரம்பிவிட்டது. மதியச் சேனலுக்கு 4:3 எடுத்துக்கொண்டது, 576-க்கு இறக்கத் தேவைப்படவில்லை. சேனலுக்குச் சேனல் மாற்றுவது தொல்லைதான், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. இங்கே காற்று அடித்தாலே கரண்ட் போகும். வந்த பிறகு பார்த்தால் டிவியில் வைத்த ஸ்கிரீன் ஃபிட் பழையபடி போய்விடுகிறது, வெளிச்சமும் கண் கூசுகிற அளவுக்கு ஏறிவிடுகிறது. பாக்ஸில் வைத்தது அப்படியே இருக்கிறது. டிவியில் ஏதாவது பழுதா?

அம்மாபேட்டை_மெக்கானிக்:

வெளிச்சமும் சேர்ந்து ஏறுகிறதென்றால் பழுது இல்லை. கடையில் காட்சிக்கு வைக்கிற மோடில் இருக்கிறது டிவி. முதல் முறை ஆன் செய்யும்போது வீடா கடையா என்று கேட்கும், மாட்டியவர் பார்க்காமல் அமுக்கியிருப்பார். அந்த மோடில் நாம் வைத்ததையெல்லாம் டிவி தானாகப் பழையபடி ஆக்கிவிடும். செட்டிங்ஸில் ஜெனரல் அல்லது சிஸ்டம் பக்கத்தில் யூசேஜ் மோட், ஸ்டோர் மோட், ரீட்டெயில் மோட் இப்படி ஒன்று இருக்கும். அதை ஹோம் என்று மாற்றிவிட்டு ஸ்கிரீன் ஃபிட்டை மறுபடி வையுங்கள். மெனுவில் கிடைக்காவிட்டால் மாடல் நம்பரை இங்கே போடுங்கள்.

நாகலூர்_காப்பி:

ஸ்டோர் மோடில்தான் இருந்ததுங்கண்ணா. ஹோம் ஆக்கிவிட்டேன். மெயினை ஆஃப் செய்து போட்டுப் பார்த்தேன், ஸ்கிரீன் ஃபிட் அப்படியே நிற்கிறது.